யார் கையில் புனிதம்? வீடியோ விளையாட்டுகளில் சமயப் படிமங்கள்: ஓர் இறையியல் திறனாய்வு

முன்னுரை

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நம் சபைகளில் பேச்சு எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் நேரத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் படிப்பதில்லை, உறங்குவதில்லை, கண் கெடுகிறது, பணம் வீணாகிறது என்று பெற்றோர் முறையிடுகின்றனர். போதகரும் அவர்களோடு சேர்ந்து வருந்துகிறார். அத்துடன் உரையாடல் நின்றுவிடுகிறது. இம்முறையீடுகள் பொய்யல்ல. ஆயினும் இவற்றைக் கூறுவதற்கு இறையியல் பயிற்சி வேண்டுவதில்லை. பள்ளி ஆசிரியரும் மருத்துவரும் நம்மினும் நன்றாகவே கூறுவர். பணத்தைப் பற்றியோ எனின், அரசே சட்டம் செய்திருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நாடாளுமன்றம் தடைசெய்தது. சட்டம் கேட்கக்கூடிய கேள்விகளைச் சட்டம் கேட்டுவிட்டது. திருச்சபை மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. இவ்விளையாட்டுகளில் ஆலயமும் சிலுவையும் தெய்வங்களும் வேண்டுதலும் நரகமும் உயிர்த்தெழுதலும் இடம்பெறுகின்றனவே, அவை அங்கே என்ன செய்கின்றன? அவற்றைக் கையாளும் இளைஞனுக்கு அவை எதைக் கற்பிக்கின்றன?

இது பெருநகரத்தாருக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஆலங்காயம் போன்ற ஊரிலும், அதற்கு அப்பாலுள்ள மலைச் சிற்றூர்களிலும், கைப்பேசி வந்தபோதே விளையாட்டும் வந்துவிட்டது. ஞாயிறு பள்ளியில் நாம் ஒரு மணி நேரம் கற்பிக்கிறோம். அதே பிள்ளை வாரம் முழுதும் வேறொரு பள்ளியில் விரல்களால் கற்றுக்கொண்டிருக்கிறது. அப்பள்ளியின் பாடத்திட்டத்தை அறியாமல் அதைக் கண்டிப்பதும் தவறு. அறியாமல் அனுமதிப்பதும் தவறு. ஆகவே சில விளையாட்டுகளையேனும் பெயர் சொல்லி எடுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பரமபதம்: நம் முன்னோரின் பாடம்

சமயத்தை விளையாட்டாக்குவது மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த செயலன்று. தமிழகத்து வைணவ இல்லங்களில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்திருப்போர் பரமபதம் ஆடுவது நெடுநாளைய வழக்கம். கட்டங்கள் வரைந்த படத்தில் நற்பண்புகள் ஏணிகளாகவும், தீயகுணங்களும் அசுரரும் பாம்புகளாகவும் அமைய, உச்சியில் வைகுண்டம் விளங்கும். தாயக்கட்டையை உருட்டி ஆடுவோர் ஏறுவர், இறங்குவர், மீண்டும் ஏறுவர். சமணரும் சூஃபிகளும்கூட இவ்வகை ஆட்டத்தில் தத்தமக்கென வடிவங்கள் வைத்திருந்தனர். இவ்வாட்டம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று அந்நாட்டாரின் நல்லொழுக்கப் பாடமாக மாறியது. 1943-இல் அமெரிக்காவில் பாம்புகளும் நீக்கப்பட்டுச் சறுக்குமரங்கள் வந்தன. வைகுண்டம் போயிற்று; அசுரர் போயினர்; எண்கள் மட்டும் எஞ்சின.

இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பரமபதத்தின் சமயம் அதன் படங்களில் மட்டும் இல்லை. அதன் விதிகளிலும் இருக்கிறது. உச்சிக்கு அருகில் சென்றவனையும் ஒரு பாம்பு அடிக்கு இறக்கிவிடும். இறங்கியவன் மீண்டும் பிறந்தவனைப் போலத் தொடங்க வேண்டும். வினைப்பயனும் மறுபிறப்பும் பற்றிய பேருரை ஒன்றை ஒரு சொல்லும் இன்றி அவ்வாட்டம் நிகழ்த்திவிடுகிறது. தமிழில் 'விதி' என்னும் ஒரே சொல் ஆட்டத்தின் ஒழுங்கையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். இப்பொருட்செறிவைப் பரமபதம் ஆடியவர் நன்கு உணர்ந்திருப்பர். படங்கள் கண்ணுக்குக் கற்பிக்கின்றன. விதிகளோ வாழ்க்கைக்குக் கற்பிக்கின்றன. ஒரு விளையாட்டின் மெய்யான இறையியலை அறிய விரும்புவோர் அதன் படிமங்களை எண்ணுவதோடு நில்லாமல் அதன் விதிகளை ஆராய வேண்டும். இதுவே நம் கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

படத்தைக் கண்டு சினந்த திருச்சபை

திருச்சபை இதுகாறும் பெரும்பாலும் படங்களைக் குறித்தே சினந்திருக்கிறது. இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு மான்செஸ்டர் பேராலய வழக்கு. சோனி நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' என்னும் விளையாட்டில், அப்பேராலயத்தின் உட்புறத்தை ஒத்த இடத்தில் வேற்றுலக உயிர்களோடு துப்பாக்கிச் சண்டை நிகழ்கிறது. 2007-இல் இங்கிலாந்து திருச்சபை கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. தங்கள் அனுமதி கேட்கப்படவில்லை என்பதோடு, துப்பாக்கிக் குற்றங்களால் துன்புறும் நகரில், அக்குற்றங்களுக்கு எதிராகப் பணிபுரியும் ஆலயத்தையே சுடுகளமாகக் காட்டியது பொறுப்பற்ற செயல் என்று பேராலயத்தார் கூறினர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விளையாட்டையோ திரும்பப் பெறவில்லை. புனித இடங்களைக் கணினியில் பயன்படுத்துவோருக்கான நெறிமுறைகளைப் பேராலயம் பின்னர் வெளியிட்டது.

இவ்வெதிர்ப்பை நாம் எள்ளி நகையாடலாகாது. கொல்லப்பட்ட இளைஞரை அடக்கம் செய்யும் சபைக்கு, தன் திருமண்டபத்தில் துப்பாக்கி ஒலிப்பது வெறும் கற்பனையன்று. ஆயினும் அவ்வழக்கில் பேசப்பட்டது பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியே. அவ்விளையாட்டில் பேராலயம் ஒரு மேடைப் பின்திரை மட்டுமே. அங்கே எவரும் வேண்டுதல் செய்வதில்லை. கடவுளைப் பற்றி அவ்விடம் எதுவும் கூறுவதுமில்லை. பின்திரையாகப் பயன்படுவது புனிதத்துக்கு நேரும் இழிவுகளில் மிகச் சிறியது என்றே நாம் கருதுகிறோம். பேரிழிவு வேறிடத்தில் இருக்கிறது.

படங்களை நீக்கிவிடுவதால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. நிண்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் சமயச் சின்னங்களுக்கு இடமளிக்க மறுத்தது. சப்பானிய விளையாட்டுகள் அமெரிக்காவுக்கு வந்தபோது கல்லறைச் சிலுவைகள் மறைந்தன. 'டிராகன் குவெஸ்ட்' என்னும் தொடரில் ஆலயங்கள் 'குணமளிக்கும் இல்லங்கள்' எனப் பெயர் மாற்றம் பெற்றன. ஆனால் அத்தொடரின் விதி மாறவில்லை. போரில் இறந்த தோழனை அவ்வில்லத்துக்குக் கொண்டுசென்று குருவிடம் பொன் செலுத்தினால் அவன் உயிர் பெறுவான். சிலுவையைக் கண்டு அஞ்சிய தணிக்கையாளர், பொன்னுக்கு உயிர்த்தெழுதல் விற்கப்படுவதைக் கண்டு அஞ்சவில்லை. 1517-ஆம் ஆண்டின் வழிவந்த நமக்கு இதில் எது பெரிய இடறல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் சினமே விலைக்கு வாங்கத்தக்க பொருளாகிவிட்டது என்பதையும் அறிதல் நலம். 'டான்டேஸ் இன்ஃபெர்னோ' என்னும் விளையாட்டை விளம்பரப்படுத்த, 2009 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் கண்காட்சிக்கு வெளியே கிறிஸ்தவர் சிலர் பதாகை ஏந்தி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்பதை ஈஏ நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. நாம் என்ன கூறுவோம், எப்படிக் கத்துவோம் என்பதை வணிகர் முன்கூட்டியே அறிந்திருந்தனர். ஆராயாது எழும் எதிர்ப்பு சாட்சியாகாது. அது விளம்பரமாகவே முடியும்.

விதிகள் கற்பிக்கும் இறையியல்

இனி விதிகளை நோக்குவோம். மேற்கூறிய 'டான்டேஸ் இன்ஃபெர்னோ' 2010-இல் வெளிவந்தது. 14-ஆம் நூற்றாண்டின் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெருங்காப்பியத்தைத் தழுவியதாக அது கூறிக்கொள்கிறது. காப்பியத்தில் தாந்தே நரகத்தின் வழியே நடந்துசெல்லும் ஒரு சாட்சி. அவர் அஞ்சுகிறார், அழுகிறார், மயங்கி விழுகிறார். ஒருவரையும் விடுவிக்கவோ தண்டிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. விளையாட்டில் அவர் சிலுவைப்போர் வீரர். சிலுவை அவர் கையில் ஒளிக்கதிர் வீசும் படைக்கலம். வழியில் எதிர்ப்படும் ஆன்மாக்களைத் தண்டிக்கலாம், அல்லது அவற்றுக்குப் பாவமன்னிப்பு அளிக்கலாம். பொந்தியு பிலாத்துவும் அவ்வாறு எதிர்ப்படுகிறான். தண்டித்தால் ஒருவகைப் புள்ளிகள், மன்னித்தால் வேறுவகைப் புள்ளிகள். எவ்வகைப் புள்ளியாயினும் வீரனின் வலிமையே பெருகும். எரிகிற சிலுவையையும் கொம்புள்ள பேயையும் கண்டு முகஞ்சுளிக்கும் நாம் இவ்விதியைக் கண்டல்லவோ நடுங்க வேண்டும்? இங்கே மன்னிப்பு என்பது மன்னிக்கப்படுபவனுக்காக அளிக்கப்படுவதன்று. மன்னிப்பவனின் இருப்பில் சேரும் நாணயம் அது.

நம் இளைஞருக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சியையும் இங்குக் கூறுதல் தகும். 'பப்ஜி மொபைல்' நம் ஊர்களில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை எல்லாரும் அறிவர். 2020 செப்டம்பரில் நடுவண் அரசு அதைத் தடைசெய்தது. அத்தடைக்குக் காரணம் நாட்டுப் பாதுகாப்பேயன்றிச் சமயம் அன்று. 2021-இல் அது வேறு பெயரில் இந்தியாவுக்கென மீண்டும் வந்தது. தடைக்குச் சில திங்கள் முன்பு, 2020 ஜூனில், அவ்விளையாட்டின் புதிய பகுதி ஒன்றில் குலக்குறிச் சிலைகள் வைக்கப்பட்டிருந்தன. வீரன் அச்சிலை முன் வணங்கி நின்றால் அவனுக்கு ஆற்றல் கிட்டும். வளைகுடா நாட்டு முஸ்லிம்கள் இதை உருவ வணக்கம் எனக் கண்டித்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அவ்வசைவை நீக்கியது. சிலையைக் கண்டதோடு நில்லாமல் விதியையும் கண்டமையால் அவர்களுடைய எதிர்ப்பு கூர்மையாக இருந்தது எனலாம். வணங்கு, பெற்றுக்கொள், மீண்டும் சுடப் போ என்பதே அவ்விதி. உருவ வழிபாட்டைப் பற்றித் தீர்க்கர் கூறியவற்றின் உள்ளீடும் இதுவே அல்லவா? மனிதன் தன் கைப்பொருளை வணங்குவது, வணங்கியதைத் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்வதற்காகவே.

கிறிஸ்தவர் உருவாக்கும் விளையாட்டுகள் இக்குறைக்கு விலக்கானவை அல்ல. 'லெஃப்ட் பிஹைண்ட்: இடர்னல் ஃபோர்சஸ்' என்பது 2006-இல் அமெரிக்காவில் கிறிஸ்தவ நோக்குடன் வெளியிடப்பட்ட விளையாட்டு. இறுதிக்கால நியூயார்க்கில் விசுவாசிகளின் படை அந்திக்கிறிஸ்துவின் படையோடு போரிடுகிறது. அதன் படிமங்கள் யாவும் நமக்குப் பழக்கமானவை. அதன் விதியோ இவ்வாறு அமைந்துள்ளது: ஒருவனைக் கொன்றால் வீரனுடைய ஆவிக்குரிய அளவு குறையும், அவனை வேண்டுதல் செய்யவைத்தால் அவ்வளவு மீண்டும் ஏறும். கொலையும் வேண்டுதலும் ஒரே கணக்கேட்டின் பற்றும் வரவும் ஆகிவிட்டன. ஒரு சிலையும் இல்லாத இவ்விளையாட்டு, சிலை முன் வணங்கி ஆற்றல் பெறும் விளையாட்டைவிடத் தூயது என்று கூற நம்மால் இயலவில்லை. படிமம் நம்முடையதாக இருந்தும் விதி நம்முடையதாக இல்லாதிருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

யார் கையில்?

இதுவரை கூறியவற்றை ஒரு கேள்வியில் அடக்கலாம். இவ்விளையாட்டில் புனிதம் யார் கையில் இருக்கிறது?

இக்கேள்வியைத் தெளிவாக எழுப்பியவர் கிறிஸ்தவர் அல்லர். ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட 'ஹனுமான்: பாய் வாரியர்' என்னும் விளையாட்டைச் சோனி நிறுவனம் 2009-இல் வெளியிட்டபோது, அமெரிக்காவில் வாழும் இந்துத் தலைவர் ரஜன் செட் எதிர்ப்புத் தெரிவித்தார். பக்தர் தம்மைத் தெய்வத்தின் கையில் ஒப்படைக்கின்றனர். விளையாட்டிலோ தெய்வத்தின் அசைவு ஆடுபவன் விரலில் இருக்கிறது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். தெய்வம் அழகாகக் காட்டப்பட்டதா, அசிங்கமாகக் காட்டப்பட்டதா என்பது அவருக்கு இரண்டாம் கேள்வி. பொத்தானை அழுத்தினால் தெய்வம் குதிக்க வேண்டும் என்பதே முதற்சிக்கல்.

திருமறை அறிந்தோருக்கு இது புதிதன்று. 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் முதற்போரில் தோற்றபின் உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து பாளயத்துக்குக் கொண்டுவருகின்றனர். கடவுளிடம் அவர்கள் கேட்கவில்லை, கடவுளை எடுத்துவந்தனர். அவருடைய பிரசன்னத்தின் அடையாளத்தைப் போர்க்கருவி ஆக்கினர். முதற்போரில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் மாண்டனர். பெட்டியைக் கொண்டுவந்த பின்னரோ முப்பதாயிரம் பேர் மாண்டனர். பெட்டியைக் கைப்பற்றிய பெலிஸ்தர் அதைத் தாகோன் கோயிலில் வெற்றிப் பொருளாக வைத்தனர், அவர்களும் துன்புற்றனர். இறுதியில் அப்பெட்டி திரும்பி வந்த விதத்தை நாம் கவனிக்க வேண்டும். கறவைப் பசுக்கள் இரண்டு இழுத்த வண்டியில், ஓட்டுபவன் எவனும் இன்றி, அது பெத்ஷிமேசு ஊரை நோக்கி நேரே சென்றது. ஆண்டவர் எவருடைய கைக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதை அந்த ஓட்டுநரில்லா வண்டி அறிவிக்கிறது.

'இது விளையாட்டுத்தானே, ஆடும் பிள்ளை இதை நம்பியா ஆடுகிறான்?' என்று கேட்கப்படலாம். கேட்கத்தக்க கேள்வியே. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவனின் உரிமையைப் பவுல் மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டு வேறு, வழிபாடு வேறு என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. டச்சு அறிஞர் ஹூயிசிங்கா 1938-இல் வெளியிட்ட தம் நூலில், விளையாட்டும் சடங்கும் ஒரே நிலத்தில் வேர்கொண்டவை என விளக்கினார். நம் வடஆர்க்காட்டுப் பகுதியில் இதற்கு நூல் வேண்டுவதில்லை; பாரதக் கூத்தே போதும். அருச்சுனன் தபசு அன்று உயர்ந்த தபசு மரத்தில் ஏறும் கூத்தர் விரதமிருந்து ஏறுகிறார். கீழே நிற்பவர் அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்குக் கையேந்துகின்றனர். அதுவும் நடிப்பே, ஆயினும் அந்நடிப்பு நடிப்பவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது. பட்டினியைக் கேட்கிறது, உடலைக் கேட்கிறது, ஊரார் முன் நிற்கும் பொறுப்பைக் கேட்கிறது. வீடியோ விளையாட்டில் புனிதம் ஆடுபவனிடம் எதையும் கேட்பதில்லை. கொடுக்க மட்டுமே செய்கிறது. கேளாத தெய்வமே பொய்த்தெய்வம் எனலாம்.

எல்லா விளையாட்டுகளும் இவ்வாறே அமைந்தவை என்று கூறுவது நேர்மையாகாது. புனே நகரத்து இளைஞர் குழுவொன்று 2020-இல் வெளியிட்ட 'ராஜி' என்னும் விளையாட்டில், அசுரர் கவர்ந்துசென்ற தம்பியைத் தேடி ஒரு சிறுமி செல்கிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் அவளைக் கண்டு தமக்குள் உரையாடுகின்றனர், படைக்கலன்களை அளிக்கின்றனர். ஆடுபவன் கையில் இருப்பது தெய்வம் அன்று, அச்சிறுமியே. தான் பார்க்கப்படுகிறோம், தன் வலிமை தனக்கு அளிக்கப்பட்டது என்னும் உணர்வை அவ்விளையாட்டின் அமைப்பே தருகிறது. அதன் சமயம் நம் சமயமன்று. ஆயினும் படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நிற்க வேண்டிய இடத்தைப் பற்றிய அடக்கம், நாம் மேலே கண்ட கிறிஸ்தவ விளையாட்டைவிட அதில் மிகுதி என்பதை மறைக்கலாகாது.

அருளை விதியாக்க முடியுமா?

இங்கே கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. விளையாட்டு என்றாலே விதி, முயற்சி, பரிசு என்னும் மூன்றும் வேண்டும். அருளோ முயற்சிக்குக் கிட்டும் பரிசன்று. அவ்வாறாயின் எந்த விளையாட்டும் நற்செய்தியைக் காட்ட இயலாதா?

தாயக்கட்டையைச் சுட்டி, 'பரமபதத்தில் ஏணி ஏறியவன் தன் திறமையைப் பற்றிப் பெருமைபேச முடியாதே. அது அருள் அன்றோ?' என்று ஒருவர் கேட்கலாம். அன்று என்பதே நம் விடை. கட்டை விழுவது தற்செயல். தற்செயலுக்கு முகம் இல்லை. அருளுக்கு முகம் உண்டு. அது நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும்.

திருமறையிலும் பாம்பு உண்டு, ஏணியும் உண்டு. ஆனால் இரண்டும் ஆட்டத்தின் விதிக்கு மாறாகவே செயற்படுகின்றன. ஆதியாகமம் 28-இல் யாக்கோபு ஏணியைக் காண்கிறான். ஆனால் அதில் ஏறவில்லை. தமையனை ஏமாற்றி ஓடிவந்த அவன் கல்லைத் தலைக்கு வைத்து உறங்குகிறான்; ஆண்டவரே அவனோடு பேசுகிறார். எண்ணாகமம் 21-இல் கடிபட்டு இறப்பவர் உயர்த்தப்பட்ட பாம்பை நோக்கிப் பிழைக்கின்றனர். ஏறாதவனுக்கு ஏணி, விழுந்தவனுக்குப் பாம்பின் வழியே உயிர். அப்பாம்பையும் கையாளத்தக்க பொருளாக்கித் தூபம் காட்டியபோது எசேக்கியா அரசன் அதை உடைத்தெறிந்தான் (2 இராஜா. 18:4). கடவுள் தந்த அடையாளமேயாயினும் அது மனிதனின் கருவியாகும் நாளில் உடைக்கப்பட வேண்டியதே.

இவ்வேறுபாட்டை விளையாட்டின் மற்றொரு வழக்கத்திலும் காணலாம். விளையாட்டில் தவறு நேர்ந்தால், முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம். 'எனக்கு இன்னும் இரண்டு லைஃப் இருக்கிறது' என்று பிள்ளைகள் கூறக் கேட்கிறோம். நேர்ந்தது நேராததாகிவிடுகிறது. மனந்திரும்புதல் இதற்கு முற்றிலும் மாறானது. பேதுருவின் மறுதலிப்பு அழிக்கப்படவில்லை. நான்கு நற்செய்தியாளரும் அதை எழுதிவைத்தனர். கடற்கரையில் மும்முறை கேட்கப்பட்ட கேள்வி அம்மறுதலிப்பின் நினைவைச் சுமந்தே வந்தது. மன்னிப்பு என்பது நேர்ந்ததை அழித்து மீண்டும் ஆடுவதன்று. நேர்ந்ததோடு நம்மை ஏற்றுக்கொள்வதாகும். மீண்டும் தொடங்கும் பொத்தானுக்குப் பழகிய தலைமுறைக்கு இவ்வேறுபாட்டைக் கற்பிப்பது இன்றைய ஆயருக்குரிய தலையாய பணிகளுள் ஒன்று என்று நாம் உறுதியாக நம்புகிறோம். பழியை அழிக்க முடியாது என்று கண்டு தன்னையே அழித்துக்கொள்ளத் துணியும் இளைஞனும், பழியே இல்லை என்று சிரித்து நகரும் இளைஞனும் ஒரே பாடத்தைத்தான் கற்றிருக்கின்றனர். இருவருக்கும் நற்செய்தி எட்டவில்லை.

நம் இல்லத்திலேயே

இக்கேள்வியை வெளியே வீசும் முன் நம் சபைகளையும் அதே அளவுகோலால் அளந்துபார்த்தல் முறை. வசனம் ஒப்புவித்தால் ஒரு மதிப்பெண், வருகைக்கு ஒரு மதிப்பெண், புதிய பிள்ளையை அழைத்துவந்தால் ஐந்து மதிப்பெண் என்று விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் கணக்கு வைக்கிறோம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை எடுக்கும் விசுவாசி, அதைத் தாயக்கட்டை உருட்டுபவனின் படபடப்போடு எடுப்பதைக் காண்கிறோம். இச்செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம் வரும் என்னும் கைப்பேசிச் செய்திகள் நம் சபை மக்களிடையேதான் உலவுகின்றன. இத்தனை நாள் உபவாசம், இவ்வளவு காணிக்கை, இன்ன பலன் என்று முழங்கும் மேடைகளும் நமக்கு அந்நியமானவை அல்ல. இவற்றுள் சில தீங்கற்றவை. பிள்ளைகளை ஊக்குவிப்பதும் தவறன்று. ஆனால் வேண்டுதல் செய்தால் அளவு ஏறும் என்னும் விதியை விளையாட்டு நிறுவனங்கள் வெற்றிடத்திலிருந்து உருவாக்கவில்லை. அவ்விதி சபைகளில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது. பொத்தான் மட்டுமே புதிது.

ஆயர் செய்யத்தக்கவை

சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ் மக்களின் தெய்வங்களைப் பற்றிய தம் நூலை 1713-இல் எழுதி முடித்து ஹாலே நகருக்கு அனுப்பினார். புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதை விளக்கி எழுதுவதா என்று அங்கிருந்தோர் அதனை அச்சிட மறுத்தனர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867-இல், சென்னையில்தான் அது அச்சேறியது. மக்கள் எதை வணங்குகின்றனர் என்பதை அறியாமல் அவர்களோடு பேச இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் வழிவந்த நாம், பிள்ளைகள் எதை விளையாடுகின்றனர் என்பதை அறிய வெட்கப்படலாகாது. ஆயர் ஒருவர் இளைஞர் ஐக்கியத்தில் ஒரு மாலை அமர்ந்து, 'இதை எனக்கு ஆடிக் காட்டு' என்று கேட்பது ஆயர் பணிக்குப் புறம்பானதன்று.

அவ்வாறு அமரும்போது மூன்று கேள்விகளை எழுப்பலாம். முதலாவது, இதில் புனிதமானது எங்கே இருக்கிறது: பின்திரையிலா, கதையிலா, விதியிலா? இரண்டாவது, அது யார் கையில் இருக்கிறது. அது என்னிடம் எதையேனும் கேட்கிறதா, அல்லது நான் கேட்டதைக் கொடுக்க மட்டுமே செய்கிறதா? மூன்றாவது, இதில் தவறியவனுக்கு என்ன நேர்கிறது: அழிவா, மறுதொடக்கமா, விலை செலுத்தி மீள்வதா, மன்னிப்பா? இக்கேள்விகளுக்கு நம் இளைஞர் கூறும் விடைகள் நம் பிரசங்கங்களைவிடக் கூர்மையாக இருக்கக்கூடும். இவற்றுக்கு விடை காணப் பழகியவன் விளையாட்டை மட்டுமன்றி, கைப்பேசியில் வரும் ஊழியர்களின் நிகழ்ச்சிகளையும் அதே கண்ணால் காண்பான். அதுவே நாம் வேண்டும் பயன்.

ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1986 முதல் வேணு பாப்புவின் பெயர் தாங்கிய விண்ணாய்வகத்தில், பெருந்தொலைநோக்கி வழியே விண்மீன்களின் படங்கள் திரையில் பதிவாகின்றன. படத்தைக் காணும் அறிஞர் அதுவே விண்மீன் என்று மயங்குவதில்லை. அப்படத்துக்கு அப்பால், தம் விரலுக்கு எட்டாத தொலைவில், தம் விருப்பத்துக்கு அசையாத ஒன்று இருக்கிறது என்று அறிந்தே அதைக் காண்கிறார். சமயப் படிமத்தையும் அவ்வாறு காணக் கற்பித்தல் வேண்டும். விரலுக்கு அசையும் படிமத்தோடு நின்றுவிடுகிறவன் எதையும் வணங்குவதில்லை, தன்னைத் தவிர. விரலுக்கு அப்பாற்பட்டவரை நோக்க அவனுக்கு உதவும் கடமை, விளையாட்டை உருவாக்குபவருக்கு உண்டோ இல்லையோ, திருச்சபைக்கு உண்டு.